இறுதித் தீர்ப்பு வரும்வரை குழந்தை காத்திருக்குமா?

மைசூரு நகரின் தேவராஜ மொஹல்லாவுக்குச் சென்றவர்கள், உள்ளூர் மக்கள் ‘சிக்க கடியாரா’ என்று அழைக்கும் டஃபரின் மணிக்கூண்டையும் அதன் அருகே உள்ள தேவராஜ மார்க்கெட்டையும் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. மல்லிகைச் சரமும் குங்குமக் குவியலும் வாழைத் தாரும் நிறைந்த அந்தப் பழைய மார்க்கெட்டின் ஒரு பகுதி 2016 ஆகஸ்ட் மாதம் இடிந்து விழுந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, பழுது பார்த்துப் பாதுகாப்பதா என்ற வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் முடிவு சொன்னது 2023-ஆம் ஆண்டில். இடையில் கழிந்தவை ஏழு ஆண்டுகள்.

கட்டடம் காத்திருக்கும். நீதிமன்றத்தின் முடிவுக்காக ஒரு குழந்தை ஏழு ஆண்டுகள் காத்திருக்க முடியுமா? வழக்கு தொடங்கும்போது பால் பற்கள் விழாத குழந்தை, முடியும்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கும். குடும்ப நல நீதிமன்றங்களில் இது விதிவிலக்கு அல்ல என்பதுதான் வேதனை.

ஒரு பேச்சுக்கு, அதே தேவராஜ மொஹல்லாவில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவருக்கு மார்க்கெட்டில் பூக்கடை. சிவராம்பேட்டையில் உள்ள வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. மனைவி சத்தியமங்கலத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் மகன், நான்கு வயதில் மகள். மனமுறிவு ஏற்பட்டு, மனைவி மகளை மட்டும் அழைத்துக்கொண்டு திம்பம் மலைப்பாதை வழியே பிறந்த வீட்டுக்கு வந்துவிடுகிறார். மகன் தந்தையிடம் இருக்கிறான். நகைகள் மாமியார் வீட்டு பீரோவில் இருக்கின்றன.

விவாகரத்து கிடைக்குமா, யார் மீது தவறு என்பதெல்லாம் பிறகு வரும் கேள்விகள். அடுத்த வாரமே விடை தேவைப்படும் கேள்விகள் வேறு. அண்ணனும் தங்கையும் எப்போது சந்திப்பார்கள்? மகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது? மகனைத் தாய் பார்க்கலாமா? மகளைத் தந்தை பார்க்கலாமா? அந்த வீட்டுக்குள் மனைவி மீண்டும் நுழைய முடியுமா? நகைகள் விற்கப்பட்டால் யாரைக் கேட்பது? இவற்றுக்கு விடை சொல்வதற்காகவே சட்டத்தில் இடைக்கால உத்தரவு என்ற ஏற்பாடு இருக்கிறது.

சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை என்றுதான் முதல் பார்வையில் தோன்றும். இந்துத் திருமணச் சட்டம் 1955-இன் 24-ஆவது பிரிவின்கீழ், வழக்கு நடக்கும் காலத்துக்கான ஜீவனாம்சத்தையும் வழக்குச் செலவையும் கணவனோ மனைவியோ கோரலாம். 26-ஆவது பிரிவின்கீழ், குழந்தைகளின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி குறித்து நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கலாம். பாதுகாவலர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டம் 1890-இன் 12-ஆவது பிரிவு, குழந்தையை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தவும், அதன் உடலுக்கும் உடைமைக்கும் தாற்காலிகப் பாதுகாப்பு அளிக்கவும் அதிகாரம் தருகிறது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பெண்ணுக்கு வசிப்பிட உத்தரவையும், குழந்தைகளின் தாற்காலிகப் பொறுப்பையும், சீதனப் பொருள்களைத் திரும்பப் பெறும் உத்தரவையும் வழங்குகிறது. அவசரமானால் எதிர்த் தரப்பைக் கேட்காமலேயே ஆணையிடவும் அதில் இடமுண்டு. இந்த நிவாரணங்களைக் குடும்ப நல நீதிமன்றத்திலேயே கோரலாம்.

காலவரம்பும் இருக்கிறது. வாஜ்பாயி ஆட்சியில், 2001-ஆம் ஆண்டு திருமணச் சட்டங்களில் நாடாளுமன்றம் ஒரு திருத்தம் செய்தது. இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் குழந்தைகள் பராமரிப்பு, கல்வி தொடர்பான மனுவையும், எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது அந்தத் திருத்தம். தனித் திருமணச் சட்டத்துக்கும் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்துக்கும் பார்சி திருமணச் சட்டத்துக்கும் அதே வரம்பு விதிக்கப்பட்டது. ஆனால், அந்த வாசகத்தின் நடுவே இரண்டே சொற்களைக் கொண்ட ஒரு வாசலும் திறந்து வைக்கப்பட்டது. ‘இயன்ற வரையில்’ 60 நாள் என்பதே சட்டம். இயலாவிட்டால் என்ன என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

இயலாமல் போவதற்கா காரணங்கள் இல்லை? முதலில் நோட்டீஸ் சேராது. சேர்ந்தால் வக்காலத்து தாக்கல் செய்ய ஒரு வாய்தா. எதிர்மனுவுக்கு இரண்டு வாய்தா. பிறகு சமரச ஆலோசனை. அது முறிந்து வருவதற்குள் கோடை விடுமுறை. அது முடிந்தால் நீதிபதி இடமாற்றம். அறுபது நாள் ஆறு மாதமாகி, ஆறு மாதம் இரண்டு ஆண்டாகிறது.

இந்தத் தாமதம் வெறும் தாமதம் அல்ல, அதுவே ஒரு தீர்ப்பு. முதல் நாளில் குழந்தை யாரிடம் இருந்ததோ அவரிடமே வளர்கிறது. பள்ளி மாறுகிறது, நண்பர்கள் மாறுகிறார்கள், சில வேளைகளில் பேசும் மொழியும் மாறுகிறது. இரண்டாண்டு கழித்து இடைக்கால மனுவை எடுக்கும் நீதிபதி, பழகிப்போன சூழலிலிருந்து குழந்தையைப் பெயர்க்கத் தயங்குவது இயற்கை. ஆகவே, முதலில் குழந்தையைத் தூக்கிச் சென்றவர் பாதி வழக்கை வென்றுவிடுகிறார்.

இன்னொரு கொடுமையும் உண்டு. இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் 1956, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது. 2015 பிப்ரவரியில், கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் நீதிபதிகள் விக்கிரமஜித் சென், சி. நாகப்பன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு இதை உறுதி செய்தது. பச்சிளம் குழந்தையின் இடைக்காலப் பொறுப்பைத் தாயிடம் ஒப்படைத்ததுடன், தாய் தகுதியற்றவர் என்று சொல்லும் தந்தைதான் அதை நிரூபிக்க வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது. ஆனால், நாம் எண்ணிப் பார்த்த குடும்பத்தில் நான்கு வயது மகளைத் தந்தை வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான்கு வாய்தாக்களில் குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்துவிடும். சட்டம் தாய்க்குக் கொடுத்த முன்னுரிமையை எந்த நீதிபதியும் மறுக்கவில்லை, நாள்காட்டி மறுத்துவிட்டது.

பணத்தின் கதையும் இதுவே. நாக்பூர் குடும்ப நல நீதிமன்றத்தில் தொடங்கிய ஓர் இடைக்கால ஜீவனாம்ச மனு, மனைவிக்கு மாதம் 15 ஆயிரம் ரூபாய், மகனுக்கு முதலில் 5 ஆயிரம், பின்னர் 10 ஆயிரம் என்ற உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வந்தது. இறுதி ஜீவனாம்சத்துக்கான வழக்கு அல்ல அது, இடைக்காலத் தொகைக்கான வழக்கு மட்டுமே. அதற்கே ஏழு ஆண்டுகள் பிடித்தன. 2020 நவம்பர் 4 அன்று நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, ஆர். சுபாஷ் ரெட்டி ஆகியோர் அளித்த அந்தத் தீர்ப்பு நாடு முழுமைக்குமான வழிகாட்டியாக அமைந்தது. இரு தரப்பினரும் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு தாக்கலான நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்பன அதன் சாரம். சம்பளச் சீட்டை மறைப்பதும், கடையைத் தம்பி பெயருக்கு மாற்றிக்கொண்டு நீதிமன்றத்தில் கைவிரிப்பதும் இதனால் ஓரளவு கடினமாகியிருக்கிறது. எனினும், நிலுவைத் தொகையை வசூலிக்க மறுபடி ஒரு மனு, அதற்கு மறுபடி வாய்தா என்ற நிலை மாறவில்லை.

வீட்டுக்கு வருவோம். மருமகள் வசிக்கும் வீடு மாமனார் பெயரில் இருந்தால் அதில் வசிப்பிட உரிமை கோர முடியாது என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டே மாதங்களில் வந்த தீர்ப்பு அது. கூட்டாக வாழும் நம் நாட்டில், வீடு பெரும்பாலும் யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு திருத்தியது 2020 அக்டோபர் 15 அன்று. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், பகிர்ந்து வாழ்ந்த இல்லமாக இருந்தால் மருமகள் உரிமை கோரலாம் என்பதே இன்றைய நிலை. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் வாசலில் நின்றவர்களுக்கு யார் பதில் சொல்வது?

சொத்தைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் ஏழ்மையானது. சீதனம் மனைவிக்கே உரியது என்பது 1985-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். ஆனால், திருமணத்துக்குப் பிறகு இருவரும் உழைத்துச் சேர்த்த வீடோ கடையோ யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கே சொந்தம். விடியற்காலையில் எழுந்து பூத்தொடுத்த மனைவியின் உழைப்புக்குப் பத்திரத்தில் இடமில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, திருமணத்தையொட்டி இருவருக்கும் சேர்த்து அளிக்கப்பட்ட பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சிவில் சட்டத்தால் கோவா மாநிலத்தில் மட்டும் கணவன் - மனைவி கூட்டுச் சொத்துரிமை இருக்கிறது.

இங்கேதான் தில்லியின் பங்கு வருகிறது. நாம் எண்ணிப் பார்த்த மனைவி தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமையைத் தந்தது. ஆகவே அவர் ஈரோடு மாவட்டத்தில் வழக்குத் தொடர்கிறார். கணவரோ மைசூருவில் மனு செய்கிறார். இரண்டும் வெவ்வேறு மாநிலங்கள். ஒரு மாநிலத்தின் நீதிமன்றத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றும் அதிகாரம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. சத்தியமங்கலத்துக்கும் மைசூருவுக்கும் இடையிலான குடும்பத் தகராறு, இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டித் திலக் மார்க்கத்துக்கு வந்து சேர்கிறது. மாற்றல் மனு நிலுவையில் இருக்கும்போது கீழ் நீதிமன்ற விசாரணைக்குத் தடை விதிக்கப்பட்டால், இடைக்கால மனுவும் அதோடு உறங்குகிறது.

இந்த மனுக்கள் எவ்வளவு பெருகியிருந்தன என்பதற்கு ஒரு சான்று போதும். 2022 நவம்பரில் அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், திருமண வழக்குகளை மாற்றக் கோரும் மனுக்கள் மட்டும் சுமார் 3,000 தேங்கிக் கிடப்பதாகக் கூறி, 13 அமர்வுகளும் நாள்தோறும் பத்து மாற்றல் மனுக்களை விசாரிக்கும் என்று அறிவித்தார். பாராட்டத்தக்க முயற்சிதான். ஆனால், அரசமைப்புச் சட்டச் சிக்கல்களைத் தீர்க்க வேண்டிய நீதிமன்றம், வழக்கு ஈரோட்டில் நடப்பதா மைசூருவில் நடப்பதா என்று தீர்மானிப்பதில் காலம் செலவிட நேர்வது யாருடைய தவறு? சட்டம் இயற்றியவர்களுடையது அல்லவா?

நாடாளுமன்றத்தின் கவனம் இந்த விஷயத்தில் எப்படி இருந்தது என்பதற்கு இரண்டு நாள்களை நினைவுகூரலாம். முதல் நாள், 2013 ஆகஸ்ட் 26. அன்று மாநிலங்களவை திருமணச் சட்டங்கள் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. மீட்க முடியாத மணமுறிவின்போது கணவரின் சொத்திலிருந்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு அளிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் முக்கியமான மசோதா அது. ஆனால், அன்றுதான் மக்களவையில் உணவுப் பாதுகாப்பு மசோதா நள்ளிரவை நெருங்கும் வரை விவாதிக்கப்பட்டது. செய்தியாளர்கள் கூட்டமெல்லாம் அங்கேதான் இருந்தது. இதை எழுதுபவரும் விதிவிலக்கு அல்ல. மாநிலங்களவை நிறைவேற்றிய மசோதா மக்களவையில் எடுத்துக்கொள்ளப்படாமலேயே, 2014-இல் அந்த அவை கலைந்தபோது காலாவதியானது. அதன் பிறகு ஆட்சிக்கு வந்தவர்கள் அதை உயிர்ப்பிக்கவில்லை. எதிர்க்கட்சி வரிசைக்குச் சென்றவர்கள் அதைக் கேட்கவும் இல்லை.

இரண்டாவது, 2022 மழைக்காலக் கூட்டத்தொடரில் குடும்ப நீதிமன்றங்கள் திருத்த மசோதா வந்த நாள். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் திறந்து பார்க்கக் கிடைத்த அரிய வாய்ப்பு அது. நாட்டில் 26 மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களில் 715 குடும்ப நீதிமன்றங்கள் இருப்பதாக அரசு கூறியது. அவற்றில் 11 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகள் நிலுவையில் இருப்பதும் அவையில் சொல்லப்பட்டது. சராசரியாக ஒரு நீதிபதியின் மேசையில் 1,500 வழக்குகள். ஆனால், மசோதா செய்ததெல்லாம் இமாசலப் பிரதேசத்திலும் நாகாலாந்திலும் முறைப்படி அறிவிக்கை இல்லாமல் இயங்கி வந்த ஐந்து நீதிமன்றங்களுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்ததுதான். அறுபது நாள் வரம்பு எங்கே போயிற்று என்ற கேள்வி சட்டத்தின் வாசகத்தில் இடம்பெறவே இல்லை. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 மே மாதம் அளித்த 257-ஆவது அறிக்கை, தாயும் தந்தையும் சமமான இயற்கைப் பாதுகாவலர்கள் என்று சட்டத்தைத் திருத்தவும், குழந்தைப் பொறுப்பு, சந்திப்பு குறித்துத் தனி அத்தியாயம் சேர்க்கவும் மசோதா வரைவுடன் பரிந்துரைத்தது. அதுவும் அலமாரியில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது மைசூரின் பழைய சரித்திரம் நினைவுக்கு வராமல் போகாது. செங்கல்பட்டுச் சீமையிலிருந்து சென்ற திவான் ரங்காசார்லு காலத்தில், 1881-இல் மக்கள் பிரதிநிதிகள் சபை கண்ட சமஸ்தானம் அது. 1894-லேயே குழந்தை மணத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1933-இல் இந்துப் பெண்களின் சொத்துரிமைக்காகத் தனிச் சட்டம் இயற்றி, குடும்பச் சொத்துப் பிரிவினையில் தாய்க்கும் விதவைக்கும் மணமாகாத மகளுக்கும் பங்கு தந்தது. பிரிட்டிஷ் இந்தியா இதில் ஓரளவேனும் நடை போட்டது 1937-இல்தான். பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989-லும், கர்நாடகம் 1994-லும், நாடாளுமன்றம் 2005-லும் ஏற்றுக்கொண்டன. புகுந்த வீட்டில் அவர் உழைத்துச் சேர்த்ததில் பங்கு என்ன என்ற கேள்விக்கு மட்டும் குடியரசு இன்னும் வாய் திறக்கவில்லை.

அவசர உத்தரவுகளால் அநீதி நேராதா என்று சில வழக்குரைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சாட்சிகளை விசாரிக்காமல், பிரமாணப் பத்திரங்களை மட்டும் நம்பிப் பிறப்பிக்கும் உத்தரவு தவறாகப் போகலாம். பொய்க் குற்றச்சாட்டால் ஒரு தந்தை மாதக்கணக்கில் குழந்தையின் முகம் பார்க்காமல் தவிக்கலாம். குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, இடைக்கால உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வழியையும் அடைத்திருக்கிறது. எந்த உத்தரவு இடைக்கால உத்தரவு என்பதிலேயே உயர் நீதிமன்றங்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால், இதற்குத் தீர்வு உத்தரவைத் தள்ளிப்போடுவது அல்ல. உத்தரவே இல்லாத நிலை நடுநிலை ஆகாது. அதுவும் ஒருவருக்குச் சாதகமானதே. பெரும்பாலும் வீட்டுச் சாவியையும் குழந்தையையும் கையில் வைத்திருப்பவருக்கு.

ஈழத் தமிழரும் தமிழகத் தமிழரும் பெருமளவில் குடியேறியிருக்கும் ஆஸ்திரேலியாவில், குழந்தை பற்றிய உத்தரவு, சொத்து பற்றிய உத்தரவு என்று இரண்டுக்கும் இடைக்கால மனு செய்யத் தெளிவான வழி இருக்கிறது. குழந்தை தொடர்பாக நீதிமன்றம் செல்வதற்கு முன் சமரச முயற்சி செய்ததற்கான சான்றிதழ் வேண்டும். வன்முறையோ அவசரமோ இருந்தால் அதற்கும் விலக்கு உண்டு. அங்கும் தாமதமும் குறைகளும் இல்லாமல் இல்லை. ஆனால், சமரசத்தை வழக்குக்கு முன்னால் வைத்துவிட்டால், வழக்கு தொடங்கிய பிறகு அதைச் சாக்காக வைத்து நாள் கடத்த முடியாது என்பது நாம் கற்கத்தக்க பாடம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவது, ‘இயன்ற வரையில்’ என்ற சொற்களுக்கு ஒரு விலை வைக்க வேண்டும். அறுபது நாள் கடந்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புவது கட்டாயமாக வேண்டும். இரண்டாவது, இரு தரப்பும் முன்னிலையாகும் முதல் நாளிலேயே குறைந்தபட்ச உத்தரவு ஒன்று பிறக்க வேண்டும். குழந்தையின் பள்ளி மாறக் கூடாது, ஆபத்து இருப்பதாகத் தெரியாதவரை இரு பெற்றோரையும் வாரம் ஒரு முறையாவது குழந்தை பார்க்க வேண்டும், வீட்டையும் நகையையும் யாரும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. தொண்ணூறு நாளில் தானாகக் காலாவதியாகி மறுபரிசீலனைக்கு வரும் வகையில் அது இருந்தால், அவசரத்தில் நேரும் பிழையும் நிலைத்துவிடாது. மூன்றாவது, மாற்றல் மனு நிலுவையில் இருந்தாலும், குழந்தை இருக்கும் ஊரின் நீதிமன்றம் இடைக்கால மனுவைக் காணொலி வழியாகவேனும் விசாரிக்கலாம் என்று சட்டமே சொல்ல வேண்டும். நான்காவது, 2013-இல் பாதி வழியில் நின்ற சொத்துரிமை மசோதாவையும், 2015-ஆம் ஆண்டு சட்ட ஆணையப் பரிந்துரையையும் அரசு மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றில் எதற்கும் அரசமைப்புச் சட்டத் திருத்தம் தேவையில்லை. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை தேவையில்லை. கட்சிகளிடையே இதில் கொள்கைப் பகையும் கிடையாது. தேவைப்படுவது நாடாளுமன்றத்தின் ஒரு பிற்பகல் மட்டுமே. அமளியில் எத்தனையோ பிற்பகல்களை இழந்த அவைகள், பெற்றோர் இருவருக்கிடையே நிற்கும் குழந்தைகளுக்காக ஒன்றை ஒதுக்கக் கூடாதா? தேவராஜ மார்க்கெட் தனக்கான தீர்ப்பைக் கேட்டபோது ஏழு வயது கூடியிருந்தது. அதனால் அதன் சுவருக்கு ஒன்றும் இல்லை. குழந்தைக்கோ ஏழு வயது என்பது ஏறத்தாழ அதன் பிள்ளைப் பருவம் முழுவதும்.